மூன்று மஞ்சள் ஒயர்

1

இந்தக் கதை எப்படித் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருத்தியிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. வாய் வரவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒன்றைச் சொல்லாமல் இருக்க இத்தனை எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்திருந்தால் சொல்லியே தொலைத்திருப்பேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"என் மனைவியின் மோட்டார் சைக்கிள் சார்ஜ் ஏறாமல் நின்றது."

பொய் இல்லை. ஆனால் இதில் வண்டி இருக்கிறது, மனைவி இருக்கிறாள், நான் இல்லை. தப்பித்துவிட்டேன்.

இரண்டாவது:

"மனைவி போனபின் அவளுடைய வண்டியும் கொஞ்சம் கொஞ்சமாக —"

[நிறுத்திவிட்டேன். முடித்திருந்தால் நீங்கள் உச்சுக்கொட்டியிருப்பீர்கள். அதை வாங்கிக்கொள்ளும் யோக்கியதை இந்தக் கதையில் எனக்கு இல்லை.]

மூன்றாவது:

"வண்டியில் இருக்கும் கோளாறு நான்தான்."

இது நிற்கட்டும். துப்பறியும் கதைபோல உங்களைக் கடைசிவரை இழுத்தடிக்கப் போவதில்லை. வண்டியின் இடப்பக்க மூடிக்குள் ஒரு கப்ளர் இருக்கிறது, இரண்டு ஒயர்க்கட்டுகளைச் சேர்க்கிற வெள்ளை பிளாஸ்டிக் துண்டு. அதை நானே கழற்றுகிறேன், நானே மாட்டுகிறேன். சில வாரங்களாக இதுதான் நடக்கிறது. வண்டி என் மச்சினிக்குப் போக வேண்டியது. அவளுக்கு மாலை ஷிப்ட் தொடங்கப் போகிறது. முடிந்து திரும்பும் வழியில் நீளமான ஒரு சாலை, தெருவிளக்கு கிடையாது. விளக்கு எரிகிற வண்டி அவளுக்கு வேண்டும். அது என்னிடம் இருக்கிறது. எரியவிடாமல் வைத்திருக்கிறேன்.

ஏன் என்பதை மட்டும் பிறகு சொல்கிறேன். சுவாரசியத்துக்காக இல்லை. வெட்கமாக இருக்கிறது.

2

கதையில் முக்கியமாக நான்கு பேர். அதில் ஒருத்தி இல்லை.

இல்லாதவளிடமிருந்து தொடங்குகிறேன். என் மனைவி பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய், விழுந்து எழுந்தவர்களை நடக்கவைப்பது வேலை. அதற்கு வண்டி வேண்டியிருந்தது. ஸ்கூட்டர் வேண்டாம், கியர் வண்டிதான் வேண்டும் என்றாள். நான் பின்னால் உட்கார்ந்து போவேன். எனக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் சிக்னலில் கிளட்சைச் சட்டென்று விட்டு ஆஃப் பண்ணிவிடுவேன். தெருவில் கிண்டல் இருந்தது. "சார எங்க இறக்கிவிடப் போறீங்க?" என்று அவளிடம் கேட்பார்கள். "எங்கயும் இறக்கறதா இல்ல" என்பாள்.

காய்ச்சல் என்று படுத்தாள். ரத்தத்தில் தொற்று பரவிவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நான் கேன்டீனில் வரிசையில் நின்றிருந்தபோது போய்விட்டாள். வண்டிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது கவர் போட்டு வாசலில் நின்றிருந்தது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஐந்தாம் பகுதியில் வரும்.

மச்சினி. அவளுடைய தங்கை. வீட்டில் சின்னவள். ஊருக்கு வெளியே பால் பாக்கெட் போடும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. மாமனார்தான் போனில் கேட்டார்: "மாப்ள, தப்பா நெனச்சுக்காதீங்க. வண்டி சும்மாதான நிக்குது. சின்னவளுக்காவது ஆகட்டுமே." நான் "தாராளமா எடுத்துக்கட்டும் மாமா" என்றேன். உடனே சொன்னேன். யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதுவரை நான் நல்லவன்.

எலக்ட்ரீஷியன். எங்கள் தெருமுனையில் கடை. பென்சில் வைக்கிற இடத்தில், காதுக்குமேல், எப்போதும் டெஸ்டர் செருகியிருப்பார். அதனால் பெயரே டெஸ்டர். வாய் அதிகம். "ஒயரத் தொட்டா எங்கிட்ட அது பேசும் சார்" என்பது அடிக்கடி சொல்வது. அவர் கடையில் உட்கார்ந்தால் பாதிப் பேச்சு அவருடைய பழைய வெற்றிகளாக இருக்கும்.

நான். இயற்பியல் படித்தவன். பாடநூல்களுக்கு விடைக் குறிப்பு போடும் ஒரு பதிப்பகத்தில் வேலை. கேள்விக்குக் கீழே என்ன எழுதவேண்டும் என்பது என் தொழில். *

* இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எனக்கு உதவாது.

3

கொஞ்சம் மின்சாரம் சொல்லியாக வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

என்ஜின் சுற்றும்போது அதன் பக்கத்தில் ஒரு காந்தமும் சுற்றுகிறது. காந்தத்துக்கு நடுவே செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயில். அதிலிருந்து மூன்று மஞ்சள் ஒயர்கள் வெளியே வரும். அவை கப்ளர் வழியாக ரெகுலேட்டருக்குப் போகின்றன. ரெகுலேட்டர் அந்த மின்சாரத்தை ஒழுங்குபடுத்தி பேட்டரிக்கு அனுப்புகிறது. பேட்டரியிலிருந்து விளக்கு, ஹாரன், மற்றதெல்லாம். கப்ளரில் தொடர்பு விட்டுப்போனால் பேட்டரிக்கு எதுவும் வராது. இருப்பதைச் செலவழிக்கும்.

இதில் மோசம் என்னவென்றால், வண்டி ஓடும். ஓட்டுகிறவருக்குத் தெரியாது. முதலில் ஹாரன் கரகரக்கும். பிறகு இண்டிகேட்டர் சோம்பலாகும். ஹெட்லைட் மஞ்சளாகி, சிவப்பாகி, சாலையை விட்டு மட்கார்டுக்கு வந்துவிடும். கடைசியில் என்ஜின் நிற்கும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே எதுவும் வந்து சேராது.

[உவமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.]

சின்னவளுக்குக் கொடுக்கும்முன் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். நின்ற இடத்தில் விளக்கு மங்கியது. மல்டிமீட்டர் வாங்கினேன். பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தேன். என்ஜின் ஓடாதபோது பன்னிரண்டரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். அது சரி. ஓடவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினால் பதினான்கை நெருங்க வேண்டும். இறங்கியது. முறுக்க முறுக்க இறங்கியது.

காயிலிலிருந்து வரும் மஞ்சள் ஒயர்களை இரண்டிரண்டாகப் பிடித்துப் பார்த்தேன். மூன்று ஜோடியிலும் ஒரே அளவு மின்சாரம். காயில் நன்றாக இருக்கிறது. அப்படியானால் வழியில் எங்கோ தொலைகிறது. கப்ளரைப் பிரித்தேன். இரண்டு பின்கள் கருகி, பிளாஸ்டிக் உருகி, உள்ளே கரி.

புதுக் கப்ளர் வாங்கி, பின்களை அழுத்தி, பற்றவைத்து மாட்டினேன். என்ஜினை ஓடவிட்டேன். மீட்டரில் எண் ஏறியது. பதிமூன்று, பதிமூன்றரை, பதினான்கு. பல மாதங்களில் ஒரு பொருள் நான் சொன்னபடி கேட்டது அப்போதுதான். சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை.

போன் அடித்தது. சின்னவள்.

"மாமா, வண்டி என்ன ஆச்சு? ரெடியா?"

மீட்டர் கையில் இருந்தது. பதினான்கு.

"இன்னும் இல்லம்மா. சார்ஜ் ஏற மாட்டேங்குது."

"ஐயையோ. அப்புறம்?"

"பாக்கணும்."

"சரி மாமா, நாளைக்குக் கேக்கறேன்."

வைத்துவிட்டாள். நான் கீழே குனிந்து கப்ளரைக் கழற்றினேன். சொன்னது பொய்யாகக் கூடாது என்று கழற்றினேன். எனக்கு அப்போது அது நியாயமாகக்கூடப் பட்டது.

4

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் சின்னவள் கொஞ்சம் முட்டாளாகிவிடுகிறாள். அவள் முட்டாள் இல்லை. என்னை நம்பினாள், அவ்வளவுதான். எழுத்தில் நம்புகிறவரையும் முட்டாளையும் பிரித்துக் காட்டுவது கஷ்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் அவளும் வந்தார்கள். வருகிறார்கள் என்று தெரிந்ததும் கப்ளரைக் கழற்றி, சாவியைத் திருப்பி விளக்கை எரியவிட்டு, பேட்டரியைக் காலி செய்து வைத்திருந்தேன். ஏதோ விருந்தாளிக்குத் தயார்செய்வதுபோல.

அவள் ஏறி உட்கார்ந்து செல்ஃப் பட்டனை அழுத்தினாள். டிக். மறுபடி அழுத்தினாள். டிக் டிக்.

"பாத்தியா" என்றேன்.

"எங்க அக்கா ஒரு வருஷத்துக்கு ஒரு தடவகூடத் தள்ளினதில்ல இத" என்றார் மாமனார். அவர் யாரிடமும் சொல்லவில்லை, வண்டியிடம் சொன்னார்.

"அக்கா உங்களுக்குப் பொண்ணுப்பா" என்றாள் சின்னவள். அவர் அதை எப்போதும் இப்படித்தான் சொல்வார். சின்னவளைப்போலவே மூத்த மகளை அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள், நான் இருக்கிறேன் என்று.

மாமனார் கை கழுவ உள்ளே போனபோது அவள் டேங்கைத் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"பரவால்ல மாமா. நீங்க என்ன பண்ணுவீங்க. நான் பஸ்ஸுலயே போய்க்கறேன். நீங்க இதுக்காக அலையாதீங்க."

"கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

"அது ஷிப்ட் முடியறதுக்கு முன்னாடியே போயிடும். அது ஒண்ணுதான் பிரச்சனை." சிரித்தாள். "மெயின் ரோடு வரைக்கும் ஒரு கிலோமீட்டர்தான் மாமா. அங்க வேற பஸ் கிடைக்கும். போன்ல டார்ச் இருக்கு."

என்னைத் தேற்றினாள். கழற்றிய கப்ளர் அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. மூடியைத் தொட்டால் கழன்றுவிடும். தொடட்டும் என்று நினைத்தேன். தொடக்கூடாது என்றும் நினைத்தேன். இரண்டில் எது முந்தியது என்று நேர்மையாக என்னால் எழுத முடியவில்லை.

5

நடுவில் ஒரு வரைவு. அதை அழித்துவிட்டேன், ஆனால் எழுதியது உண்மை.

அதில் என் மனைவி காய்ச்சலில் சாகவில்லை. ஹெட்லைட் மங்கிக்கொண்டே வந்த ஒரு மாலையில், சாலையில் செத்தாள். கப்ளரைப் பார்த்துத் தருகிறேன் என்று சொன்ன கணவன் பார்க்காமல் விட்டிருந்தான். கடைசி வரி இப்படி இருந்தது: "விளக்கு அணைந்த இடத்தில் —"

[முழுவதும் தரமாட்டேன். நன்றாக இருந்தது. அதுதான் பிரச்சனை.]

எழுதி முடித்து, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து, திரும்பி வந்து மறுபடி வாசித்தேன். எனக்குள் ஒரு திருப்தி. அதைக் கண்டதும் காகிதத்தைக் கிழித்தேன். செய்யாத குற்றத்தை ஏன் எழுதினேன் என்று யோசித்தேன். அது பெரிய குற்றம். அதைச் செய்தவனைப் பார்த்து வாசகர்கள் அழுவார்கள். நான் செய்தது சின்னது. ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கழற்றினேன். அதைச் செய்தவனைப் பார்த்தால் யாருக்கும் அழுகை வராது. முகம் சுளிக்கத் தோன்றும்.

இன்னொன்று. அவளை ஒருமுறை சாகவிட்டது போதாதா. கதைக்கு வசதியாக இருக்கும் என்று மறுபடியும்.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் திரும்பிப் போகும்போது, "நல்ல ஆளாப் பாத்துக் காட்டுங்க மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். காட்டாமல் இருக்க முடியாது. கப்ளரை மாட்டி, டெஸ்டரின் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

அவர் பேட்டரியை மாற்றி என்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்தார். பதினான்கு. "பேட்டரிதான் சார். செத்த மாட்டுக்குத் தீனி போட்ட மாதிரி. இப்ப பாருங்க" என்றார். பிறகு மூடியைத் திறந்து, "கப்ளர் யாரு மாத்தினது?" என்றார்.

"நான்தான்."

"கச்சிதமாப் பண்ணியிருக்கீங்க. படிச்சவர் கை."

வீட்டுக்கு வந்து கழற்றினேன்.

அடுத்த வாரம் மறுபடி போனேன். ரெகுலேட்டரை மாற்றினார். பதினான்கு. வீட்டுக்கு வந்தேன், கழற்றினேன். அதற்கடுத்து எர்த் ஒயரைச் சுரண்டித் துடைத்தார். சாவி ஸ்விட்சைப் பிரித்தார். கடையில் வைத்தால் எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் படுத்தது. எலக்ட்ரீஷியனுக்கு இதைவிட மோசமான வண்டி கிடையாது. அவர் என் வீட்டின்மேல் சந்தேகப்பட ஆரம்பித்தார்.

"எங்க நிறுத்தறீங்க? ஈரமா?"

"வாசல்லதான். காய்ஞ்ச இடம்."

"பூனை ஏறுதா?"

"ஏறினாலும் சார்ஜையா குடிக்கும்?"

அவர் சிரிக்கவில்லை. நான் ஏன் நகைச்சுவை பண்ணினேன் என்று தெரியவில்லை.

பால் வேன் ஓட்டுகிறவர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "டெஸ்டரு, பேசாம இந்த வண்டிய நீயே வாங்கிக்க. சார் தள்ளிட்டு வர்ற கஷ்டமாவது மிச்சம்."

"உன் வேன்ல லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டா வைப்பர் ஆடுது. மொதல்ல அதப் பாரு."

"அது நீ பண்ணின வேலதானய்யா!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. டெஸ்டரும் சிரித்தார். ஆனால் காதுக்குமேலிருந்த டெஸ்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை.

கடைசியாகப் போன அன்று ஒரு பெண் ஸ்கூட்டரோடு வந்து நின்றாள். பின்விளக்கு எரியவில்லை என்றாள். பல்பு போயிருக்கும், பார்த்தாலே தெரிந்தது. டெஸ்டர் அதைத் தொடவில்லை.

"மெயின் ரோட்ல ஒரு கடை இருக்கும்மா. அங்க காட்டிருங்க."

"நீங்க பாக்க மாட்டீங்களா?"

"இப்ப கை சரியில்ல" என்றார். அவள் போனபின் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "ராத்திரில்லாம் உங்க வண்டி ஒயரிங்தான் சார் கண்ணுக்குள்ள ஓடுது. எங்க விட்டேன்னு தெரியல. எல்லா ஒயரும் பேசுது, இது மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்குது. எனக்கு என்னமோ ஆயிருச்சு."

நான் அங்கே நின்றிருந்தேன். சொல்லியிருக்கலாம். "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தக் கதையை எழுத ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

7

இனித் தள்ளிப்போட முடியாது.

அவள் போனில் பேசும்போது —

[நிறுத்தினேன். மறுபடி.]

அக்காவுக்கும் தங்கைக்கும் போனில் ஒரே குரல். நேரில் இல்லை. நேரில் சின்னவள் வேகமாகப் பேசுவாள், கையை ஆட்டுவாள், வேறு முகம், வேறு பெண். போன் என்னவோ செய்து அதையெல்லாம் உரித்துவிட்டு ஒரு குரலை மட்டும் தரும். அது என் மனைவியின் குரல். மனைவி இருந்தபோது இதை வைத்து விளையாடுவார்கள். சின்னவள் அக்காவின் போனிலிருந்து கூப்பிட்டு, "வரும்போது பல்பு வாங்கிட்டு வாங்க" என்பாள். நான் வாங்கிக்கொண்டு போவேன். மனைவி ஒன்றும் தெரியாதவள்போல, "எதுக்கு இது?" என்பாள். பின்னால் கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். எங்கள் வீட்டில் தேவைக்கு மேல் பல்புகள் இருந்தன. இப்போதும் இருக்கின்றன.

அவள் போனபின் சின்னவள் எனக்குப் போன் செய்ததில்லை. செய்யக் காரணம் இல்லை. வண்டிதான் காரணம் ஆயிற்று. "வண்டி ரெடியா?" அந்தக் கேள்வி. அந்தக் குரல். என் மனைவி என்னிடம் ஏதோ கேட்கிறாள்; நான் இன்னும் செய்து முடிக்கவில்லை. செய்து முடிக்காதவரை மறுபடி கேட்பாள்.

"தவறாக நினைக்காதீர்கள்" என்று அடுத்த வரி எழுதி, அதையும் அடித்தேன். சின்னவள்மேல் எனக்கு எதுவும் இல்லை. இருந்திருந்தால் உங்களுக்குப் புரிந்துகொள்ளச் சுலபமாக இருந்திருக்கும். அதற்கு ஊரில் பெயர் இருக்கிறது. எனக்கு அவள் வேண்டியிருக்கவில்லை. அவள் தொண்டை வேண்டியிருந்தது. எழுதிப் பார்த்தால் இது இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

நான் இன்றுவரை அழவில்லை. அந்த அழைப்புகளுக்குப் பிறகும் அழவில்லை. போன் வந்த நாட்களில் சாப்பிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஒருவன் இரண்டு வேளை சாப்பிடுவதற்காக ஒரு பெண் இருட்டில் நடந்தால் பரவாயில்லை என்று முடிவுசெய்திருந்தான்.

8

டெஸ்டரிடம் சொன்னேன். வியாழக்கிழமை, பெஞ்சு காலியாக இருந்தபோது.

"கப்ளர நான்தான் கழட்டி விடறேன். இங்க வர்றதுக்கு முன்னாடி மாட்டிட்டு வரேன்."

அவர் ஒயரின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"என்னது?"

மறுபடி சொன்னேன்.

"அப்ப என் வேலைல தப்பு இல்லையா?"

"இல்ல."

"எதுலயும்?"

"எதுலயும் இல்ல."

சிரித்தார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். முகம் அப்படியே மலர்ந்தது. "நான் அப்பவே நெனச்சேன். நம்ம வேலைல எப்படி…" பிறகு அது மெல்ல வடிந்தது. கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார்.

"ஏன்டா?" என்றார்.

அதுவரை நான் சார்.

"நீ படிச்சவன்தான? பைத்தியக்காரனாக்கிட்டியேடா என்னை. என் பொண்டாட்டி டாக்டர்கிட்ட போலாம்னு சொல்றா. உன் மச்சினிச்சி எனக்குப் போன் பண்ணினா, தெரியுமா? 'அண்ணா, தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க, எங்க மாமா பாவம் அலையறாரு'ன்னு சொல்றா. எவ்வளவு மரியாதையாச் சொல்றா! வெச்சப்புறம் நான் ஷட்டர இறக்கிட்டேன் அன்னிக்கு."

எனக்குத் தெரியாது. அவரிடம் அந்தக் குரலில் அவள் பேசியிருக்கிறாள்.

"ஏன் பண்ணின?"

"தெரியல."

"வண்டியக் குடுக்க மனசு இல்லையா? அவங்க ஞாபகமா?"

தலையாட்டினேன். அது பொய். ஆனால் மதிப்பான பொய். அவர் குரல் உடனே இறங்கியது. "அது சரி. பொண்டாட்டி ஓட்டின வண்டி…" என்று ஆரம்பித்து, ஒயரை மறுபடி எடுத்துக்கொண்டார். துக்கத்தைக் காட்டினால் எங்கும் தள்ளுபடி கிடைக்கிறது. வாங்கிக்கொண்டேன்.

அப்படியும் அவர் விடவில்லை. "ஞாயித்துக்கெழம நான் உன் வீட்டுக்கு வரேன். அந்தப் பொண்ணையும் வரச் சொல்லு. என்ன கோளாறுன்னு நீ உன் வாயால அவகிட்ட சொல்லணும். என் பேரு எனக்குத் திரும்ப வேணும்."

அன்று மாலையே கப்ளரை மாட்டி, பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி, மிஞ்சிய வால்களை வெட்டிவிட்டேன். இனிக் கழற்றக் கத்தி வேண்டும். அதனால் ஒன்றைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்: சின்னவள் அந்தச் சாலையில் இருட்டில் நிற்கமாட்டாள். வண்டியைப் பொறுத்தவரை கதை முடிந்துவிட்டது.

முடியாதது அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில். முடிவுகளை எழுதிப் பார்த்தேன். எலி என்று சொல்லலாம். எலியை எல்லோரும் நம்புவார்கள். டெஸ்டர்கூட என்னைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்துவிடலாம். பிறகு அவர் என்னோடு பேசமாட்டார். அக்காவின் வண்டியைப் பிரிய மனம் வரவில்லை என்று சொல்லலாம். அவள் அழுவாள், மாமனாருக்குத் தெரிந்தால் அவரும் அழுவார், "வண்டிய நீங்களே வெச்சுக்கங்க மாமா" என்பாள். நான் நல்லவனாகி, அவள் நடந்து போவாள். இது எல்லாவற்றிலும் கேவலம். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அதன்பின் அவள் எனக்குப் போன் செய்யும்போதெல்லாம் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு பேசுவாள். கொஞ்சம் மாற்றிப் பேசிப் பார்ப்பாள். அவள் குரலில் ஒரு பங்கை அவளிடமிருந்து பிடுங்கியதுபோல ஆகும். அவளுக்கும் அது அக்காவின் குரல்தானே. கண்ணாடி பார்ப்பதுபோல அவளும் அதில் அக்காவைக் கேட்டுக்கொண்டிருக்கலாம், எனக்கென்ன தெரியும்.

விடைக் குறிப்பு எழுதுகிறவன் நான். கேள்வித்தாளில் நான்கு விடைகள் இருந்தால் ஒன்றில் புள்ளி வைக்கத் தெரியும்.

9

இந்தப் பகுதியை நான் திட்டமிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. நடந்துகொண்டிருக்கிறது.

டெஸ்டர் சீக்கிரமே வந்தார். காதுக்குமேல் டெஸ்டர் இருந்தது. சலவைச் சட்டை. சின்னவள் பஸ்ஸில் வந்து இறங்கி, பையைக்கூட இறக்கிவைக்காமல் வண்டியில் ஏறி பட்டனை அழுத்தினாள். ஒரே அழுத்து. என்ஜின் பிடித்தது. பகலிலும் எதிர்ச்சுவரில் வெளிச்சம் வெள்ளையாக விழுந்தது. ஹாரனை அடித்தாள். எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

"அண்ணா, கலக்கிட்டீங்க!"

"நான் ஒண்ணும் கலக்கலம்மா" என்றார் டெஸ்டர். "சாரக் கேளு. சார்தான் கண்டுபிடிச்சாரு."

சார் என்று சொன்னபோது என்னைப் பார்த்தார்.

அவள் திரும்பினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "நீங்களா மாமா? என்ன கோளாறு?"

டெஸ்டர் கைகளைக் கட்டிக்கொண்டார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஹெல்மெட்" என்றேன்.

"என்ன?"

"அக்கா ஹெல்மெட் மேல இருக்கு. எடுத்துட்டு வந்துர்றேன்."

"போய்ட்டு வாங்க சார்" என்றார் டெஸ்டர். "நான் எங்கயும் போகல."

படியேறி வந்து, ஹெல்மெட்டை மேசையில் வைத்து, உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நம்ப முடியாது என்று தெரியும். கதைக்காகச் செய்ததுபோல இருக்கிறது. கதைக்காக இல்லை. கால் மேசைக்கு வந்தது. கப்ளரைக் கழற்றியபோதும் இப்படித்தான் கை போயிற்று. கழற்ற வண்டியில் இனி எதுவும் இல்லை என்பதால் காகிதத்தை எடுத்திருக்கிறேன்.

என் அறையின் ஜன்னல் பின்பக்கம் பார்க்கிறது. இங்கிருந்து வாசல் தெரியாது.

"மாமா! ஹெல்மெட் கிடைச்சுதா?"

முகம் இல்லை. கை ஆட்டுவது தெரியவில்லை. படிக்கட்டு எல்லாவற்றையும் உரித்துவிட்டுக் குரலை மட்டும் மேலே அனுப்புகிறது. இத்தனை நாள் போனில்தான் என்று நினைத்திருந்தேன்.

இறங்கிப் போனால் அது சின்னவள். இங்கே உட்கார்ந்திருந்தால் அது இன்னொருத்தி, வாசலில் வண்டியை ஓடவிட்டுக்கொண்டு, என்னைப் பின்னால் ஏறச் சொல்கிறாள். பதில் சொன்னால் அதோடு சரி. சொல்லாதவரை கூப்பிடுவாள்.

இதோ, மறுபடி.

"மாமா! என்ன பண்றீங்க? பெட்ரோல் தீருது!"

டெஸ்டர் ஏதோ சொல்கிறார். கேட்கவில்லை. வெறும் முனகல். அவருக்குப் பொறுமை போய்க்கொண்டிருக்கும். அவர் முந்திச் சொல்லிவிட்டால், மதிப்பான அந்தப் பொய்யைத்தான் சொல்வார். அவருக்குத் தெரிந்தது அதுதான்.

ஒரு வாசகரிடம் இப்படிக் கேட்பது முறையில்லை. ஆனாலும் கேட்கிறேன். நீங்கள் வாசிக்கிறவரை நான் எழுதுவேன். நான் எழுதுகிறவரை அவள் கீழே நிற்பாள். என்னால் நிறுத்த முடியவில்லை என்று பார்த்துவிட்டீர்கள். உங்களால் முடியும். என்ன கோளாறு என்று உங்களுக்கு முழுவதும் தெரியும், அவளிடம் எந்த அளவுக்குச் சொல்வது என்பதையும் என்னைவிட நன்றாக முடிவுசெய்வீர்கள். அதை இங்கே எழுதமாட்டேன். அவளிடம்தான் அது சொல்லப்பட வேண்டும். ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். இன்னொரு வரி இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். இங்கேயே நிறுத்திவிடுங்கள், நான் இறங்கிவிடுகிறேன்.

"மாமா?"